மிச்ச ஆறு நிமிடம்

பிப்ரவரி 22, புதன்

சாம்பல் புதன். தவக்காலம் முடியும்வரை நாட்குறிப்பு எழுதுவதாக மனைவி ஜெசிந்தாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். போன வருடம் சிகரெட்டை விடுவதாகச் சொல்லி மூன்றாம் நாளே அவளிடம் மாட்டிக்கொண்டவன் நான். இது அவ்வளவு கஷ்டமில்லை. என் கையெழுத்து அவளுக்குப் புரியாது என்பது கூடுதல் வசதி.

காலைப் பூசை, நெற்றியில் சாம்பல், ஒருசந்தி. இன்று ஒருவேளைச் சாப்பாடுதான். இதில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் கொடுக்கும் முறையும் என்னுடையதாக வந்து தொலைத்தது. நோயாளியின் செல்களைச் சோதிக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க நல்ல உடம்புக்காரர் ஒருவரின் ரத்தமும் வேண்டும். வெளியே ஆள் தேட முடியாதென்று லேபில் இருக்கும் ஐந்து பேரும் முறை வைத்துக் கை நீட்டுகிறோம். ஃப்ரிட்ஜ் கதவில் பட்டியல் ஒட்டியிருக்கிறது. புதன்கிழமைக்கு நேராக ‘அருளப்பன்’.

நோயாளி ஏழு மாதக் குழந்தை. தர்ஷித் என்று பெயர், அருப்புக்கோட்டைப் பக்கம். அம்மா காளீஸ்வரிக்கு இருபத்து நான்கு வயதிருக்கும், அத்தை மகனைக் கட்டியவள். முதல் குழந்தை ஐந்தாம் மாதம் சளி முற்றி இறந்துவிட்டது. இவனுக்கும் மூன்று முறை நெஞ்சுச் சளி. ரத்தத்தில் நோய் எதிர்ப்புச் செல்களை எண்ணிப் பார்த்தால் ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனால் அவை விழித்து வேலை செய்கின்றனவா என்பது வேறு கேள்வி. அதற்குத்தான் இந்தச் சோதனை. விழிக்கின்றன என்றால் தினமும் கொடுக்கும் தடுப்பு மருந்தை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பலாம். இல்லையென்றால் எலும்பு மஜ்ஜை மாற்றுவது வரை போக வேண்டும், அதுவும் சீக்கிரம்.

ரத்தம் எடுக்க ஊசி குத்தியபோது குழந்தை முனகியதோடு சரி. தலை அவள் தோளில் சாய்ந்தபடியே கிடந்தது.

“என்னத்தண்ணே பாப்பீக இதுல?”

“செல்லு முழிச்சு எந்திரிக்கணும்னா கால்சியம் வேணும்மா. அது ஏறுதான்னு பாப்போம்.”

“பால்ல இருக்குமே, அந்தக் கால்சியமா?”

“அதேதான்.”

“பால் குடிக்கிறதுல எல்லாம் குறையில்லண்ணே. சமத்துப் பிள்ளை. இம்புட்டு வெயில்லயும் இவனுக்கு வேர்க்கவே செய்யாது. ஒரு வேர்க்குரு கிடையாது, பாருங்க.” சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினாள். வழவழவென்று இருந்தது. கொடுத்து வைத்தவன் என்றேன்.

மதியத்துக்கு மேல் இரண்டு ரத்தத்தையும் முறைப்படி ஓட்டினேன். கால்சியம் கூடினால் ஒளிரும் சாயத்தைச் செல்லுக்குள் ஏற்றி, தூண்டுமருந்தை விட்டு, திரையில் கோட்டைப் பார்ப்பதுதான் வேலை. என் கோடு ஜம்மென்று ஏறியது. குழந்தையுடையதும் ஏறியது. கொஞ்சம் குட்டை. சின்ன உடம்பு, அப்படித்தான் இருக்கும். ‘கால்சியம் ஏற்றம் உண்டு, இயல்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது பாவக் கணக்கு. கேன்டீனில் புதன்கிழமை மட்டும் வாழைப்பூ வடை போடுவார்கள். நான்கு மணிக்கு முதல் ஈடு இறங்கும், நாலேகாலுக்குத் தட்டு காலி. ரத்தம் கொடுத்ததில் தலை வேறு கிறுகிறுவென்று இருந்தது. இரண்டு தின்றேன், டீயும் குடித்தேன். நெற்றியில் சாம்பலோடு. ஒருசந்தி முதல் நாளே போயிற்று. மனசு உறுத்துகிறது.

பிப்ரவரி 24, வெள்ளி

ரிப்போர்ட் வாங்கக் காளீஸ்வரி வந்தாள். கூடவே மாமியாரும். இயல்பு என்று சொன்னதும் காளீஸ்வரி மாமியார் முகத்தைத்தான் பார்த்தாள். அந்தம்மா குழந்தையை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டது.

போகும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: “எங்க அத்தை இவனத் தொட்டுத் தூக்கி மூணு மாசம் ஆச்சுண்ணே. என் ரத்தந்தான் சரியில்ல, அதான் பிள்ளைக தங்கலன்னு சொல்லிட்டே இருப்பாக. நீங்க எழுதிக் கொடுத்திட்டீக. இனி அவுகளால பேச முடியாது.”

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மார்ச் 1, புதன்

இன்று வடை தின்னவில்லை. கேன்டீன் பக்கமே போகவில்லை.

மார்ச் 3, வெள்ளி

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சாம்பல் புதனன்று வடை தின்றதைச் சொன்னேன். ரத்தம் கொடுத்தது, தலை சுற்றியது எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். ஃபாதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கம்பி வலைக்குப் பின்னால் கேட்டது. “உடம்புக்கு முடியலன்னா சாப்பிடலாம்ப்பா, அதெல்லாம் பாவத்துல சேராது. வேற ஏதாவது இருக்கா?”

இல்லை என்றேன்.

மன்னிப்புக் கிடைத்த பிறகு வழக்கமாக மனம் லேசாக இருக்கும். வெயில் காரணமோ என்னவோ, இன்று அப்படி இல்லை.

மார்ச் 8, புதன்

மதியம் எங்கள் டாக்டர் வசுமதி எல்லோரையும் உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். மாதம் ஒருமுறை உண்டு. லேபின் தலைவி அவர். கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். அதனால் அவர் சத்தமாகப் பேசும்வரை எங்களுக்கு நிம்மதி.

பலகையில் இரண்டு கோடு போட்டார். ஒன்று ஏறி மேலேயே நின்றது. இன்னொன்று ஏறி, கொஞ்சத்தில் சரிந்து, கிளம்பிய இடத்துக்கே வந்துவிட்டது.

“முதல்ல ஏறுறது செல்லு தன் வீட்டுக்குள்ளயே சேத்து வச்சிருக்கிற துளிக் கால்சியம். ரெண்டு நிமிஷத்துல அது தீந்துடும். அப்ப வெளிச்சுவர்ல இருக்கிற கதவு திறந்து, வெளியில இருந்து கால்சியம் உள்ள வந்துக்கிட்டே இருக்கணும். அப்படி வந்தாத்தான் செல்லு முழிச்சு, கிருமியோட சண்டைக்குப் போகும். சில குழந்தைங்களுக்கு அந்தக் கதவு திறக்கிறதில்ல. செல் எண்ணிக்கை சரியா இருக்கும், கோடும் ஏறும். பொறுமையா உட்காந்து பாத்தாத்தான் இறங்குறது தெரியும். எட்டு நிமிஷம்னு நான் எழுதி ஒட்டியிருக்கிறது அழகுக்கு இல்ல.”

வேறு அடையாளம் உண்டா என்று யாரோ கேட்டார்கள்.

“தசை தொளதொளன்னு இருக்கும், கழுத்து நிக்காது. அப்புறம் வேர்க்காது. வேர்வைச் சுரப்பியிலயும் அதே கதவுதான்.”

கேஸ் சிலிண்டர் வந்தது. குளியலறைக் குழாய் சொட்டுகிறது, வாஷர் வாங்க வேண்டும்.

மார்ச் 9, வியாழன்

லேப் கம்ப்யூட்டரில் பிப்ரவரி ஃபைல்கள் எல்லாம் இருக்கின்றன. எதையும் யாரும் அழிப்பதில்லை. திறந்து பார்க்கலாம் என்று நினைத்தேன். தலைக்கு மேல் வேலை, நேரமில்லை.

வாஷர் வாங்கிப் போட்டேன். குழாய் இன்னும் சொட்டுகிறது.

மார்ச் 15, புதன்

காளீஸ்வரி போன் செய்தாள். ரிப்போர்ட் உறையில் லேப் நம்பர் இருக்கிறது, கேட்டு என்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறாள்.

“அண்ணே, வெள்ளிக்கெழமை குலசாமி கோயில்ல வச்சுத் தர்ஷித்துக்குக் காது குத்து. எங்கண்ணன் மடியில உக்கார வச்சு மொட்டையும் போடுறோம். எல்லாம் நல்லாருக்குன்னு நீங்க எழுதிக் கொடுத்த பெறவுதான் அத்தையே நாள் குறிச்சாக. கட்டாயம் வந்துருங்க.”

“மருந்து குடுக்கிறீங்களா?”

“அதத்தான் டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாகளே, உங்க ரிப்போர்ட்டப் பாத்துட்டு.”

வேர்க்கிறதா என்று கேட்டேன். எப்படிக் கேட்டேனோ தெரியவில்லை, வாய் தானாகக் கேட்டது.

அவள் சிரித்தாள். “அத இன்னும் நெனப்புல வச்சிருக்கீகளா? இல்லண்ணே, சமத்து.”

குழந்தையைத் திரும்பக் கொண்டுவா என்று சொல்ல வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. கூட்டத்தில் ரொம்ப நேரம் வைத்திருக்காதீர்கள் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். கோழை. நாளை எப்படியாவது கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 16, வியாழன்

கூப்பிடவில்லை.

மார்ச் 17, வெள்ளி

இந்நேரம் காது குத்தியிருப்பார்கள்.

மார்ச் 21, செவ்வாய்

தர்ஷித்தைத் தீவிர சிகிச்சையில் சேர்த்திருக்கிறார்கள். இரண்டு நுரையீரலிலும் சளி. காலையில் ரத்தம் எடுக்கப் போனபோதுதான் தெரியும். பெயரை இரண்டு முறை படித்தேன். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து போய் ஒட்டிக்கொண்டிருந்தது. காதில் சிவப்பு நூல். மூக்கில் குழாய்.

வராந்தாவில் காளீஸ்வரி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். “நீங்க இங்கதான் இருப்பீகன்னு தெரியும்ணே.” தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்த நிம்மதி அவளுக்கு. அதை வாங்கிக்கொண்டு நின்றேனே, அதற்கு என்னை என்ன செய்தாலும் தகும்.

மார்ச் 22, புதன்

வார்டில் டாக்டர்கள் கூடிப் பேசினார்கள். நான் டிரேயோடு பின்னால் நின்றேன். குழந்தை மருத்துவர் கோப்பைப் புரட்டினார். “எதிர்ப்புச் சக்தி நார்மல், போன மாசம்தான் முழுசா பாத்திருக்கு. அதை விட்ருவோம். குடிக்கிற பால் நுரையீரலுக்குள்ள போகுதான்னு பாருங்க, இதயத்தையும் ஒரு தடவை பாருங்க.” அவர் விரல் இருந்த இடத்தில் என் கையெழுத்து. ஜெசிந்தாவுக்குப் புரியாத அதே கையெழுத்து.

எல்லோரும் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே போகச் சொல்லி வழிகாட்டியவன் நான்.

மார்ச் 23, வியாழன்

ஃபைலைத் திறந்தேன்.

என் ரத்தம்: 480 விநாடி. தர்ஷித்: 120 விநாடி.

தெரிந்துதான் திறந்தேன். பிப்ரவரி 22 அன்று ‘முறைப்படி ஓட்டினேன்’ என்று எழுதியிருக்கிறேனே, அது பொய். யாரும் படிக்க முடியாத நோட்டில்கூடப் பொய் எழுதியிருக்கிறேன். மெஷினைத் தனியாக ஓடவிட்டுப் போகக் கூடாது, டியூப் வற்றினால் காற்றை உறிஞ்சிப் பழுதாகிவிடும். அதனால் போக வேண்டுமென்றால் நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும். கோடுதான் ஏறிவிட்டதே என்று நிறுத்தினேன். அன்று மட்டுமல்ல. ஐந்து மாதமாக அப்படித்தான். இரண்டு நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிடுகிறது, மிச்சம் வெட்டி என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். வேகமான கை என்று பெயர் வேறு வாங்கினேன்.

டாக்டர் வசுமதியிடம் போனேன். போகும் வழியெல்லாம் உண்மையைத்தான் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அங்கே போய் நின்றதும், “மேடம், அன்னைக்கு மெஷின்ல கொஞ்சம் கோளாறு இருந்த மாதிரி இருந்துச்சு. தர்ஷித்துக்கு இன்னொரு தடவை ஓட்டிப் பாத்துடலாமா?” என்றேன்.

“உடனே ஓட்டுங்க” என்றார்.

பழியைத் தூக்கி ஓர் இரும்புப் பெட்டியின் மேல் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

மார்ச் 24, வெள்ளி

இன்று கை நீட்டும் முறை என்னுடையதில்லை. கேட்டு வாங்கிக்கொண்டேன்.

தர்ஷித்தின் கோடு ஏறியது. அன்று பார்த்த அதே ஏற்றம். இரண்டு நிமிடம் தாண்டியதும் தளர்ந்தது. மூன்றாவது நிமிடம் பாதி. நான்காவது நிமிடத்தில் தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. அதன் பிறகு நான்கு நிமிடம் ஒன்றுமே இல்லை. என் கோடு கடைசிவரை மேலே நின்றது. வெட்கம் கெட்ட ஆரோக்கியம்.

டாக்டர் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. பழைய ஃபைலைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். கீழே நேரம் எழுதியிருந்த இடத்தைப் பார்த்தார்.

“மெஷினா, அருளப்பன்?” குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

“இல்ல மேடம். நான்.”

“இது ஒண்ணுதானா?”

“அஞ்சு மாசமா. நாப்பத்தொரு பேர்.”

அவர் என்னைத் திட்டவில்லை. முதலில் வார்டுக்குப் போன் செய்து, கதவு திறக்காத குழந்தை, இந்த இந்த மருந்தைத் தொடங்குங்கள் என்று கடகடவென்று சொன்னார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார். “நிர்வாகத்துக்கு எழுதத்தான் போறேன். அவங்க என்ன முடிவெடுத்தாலும் சரி. அதுவரைக்கும் நாப்பத்தொரு பேரையும் நீங்களே கூப்பிட்டு, நீங்களே ஓட்டணும். மெஷின் கோளாறுன்னு சொன்னா எனக்குத் தெரிஞ்சிடும்.”

பிப்ரவரி 22 பக்கத்தைத் திருப்பினேன். ‘முறைப்படி’யை அடிக்கவில்லை. ஓரத்தில் 120 என்று எழுதி வைத்தேன்.

மார்ச் 30, வியாழன்

பதினேழு பேர் வந்துபோனார்கள். பதினேழு கோடும் நிற்கின்றன. ஒவ்வொரு முறையும் மூன்றாவது நிமிடம் முழுக்கக் கோட்டிலிருந்து கண்ணை எடுப்பதில்லை.

தர்ஷித்துக்குக் காய்ச்சல் இறங்கியிருக்கிறது. குழாய் இன்னும் எடுக்கவில்லை.

ஏப்ரல் 6, வியாழன்

பெரிய வியாழன். இன்று மாலை கோயிலில் பாதம் கழுவும் சடங்கு. போகவில்லை.

குழாயை எடுத்துவிட்டார்கள், தானாக மூச்சு விடுகிறான். மஜ்ஜை மாற்றித்தான் ஆக வேண்டும், அதுவரை எந்தக் கிருமியும் அண்டக் கூடாது. யார் கொடுப்பது என்று பார்க்க அம்மா, அப்பா இருவர் ரத்தமும் வேண்டும். காளீஸ்வரி மட்டும் முதலில் வந்தாள். கையை நீட்டி வைத்துக்கொண்டே கேட்டாள்.

“மொதோ டெஸ்ட்டு முழுசா எடுக்கலன்னு டாக்டரம்மா சொன்னாக. முழுசான்னா என்னண்ணே?”

ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்தச் சொன்னேன். பிறகு சொன்னேன். “எட்டு நிமிஷம் பாக்கணும். நான் ரெண்டு நிமிஷத்துல நிறுத்திட்டேன். பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். காது குத்துக்குப் போயிருக்க மாட்டீங்க.”

நான் தரையைப் பார்த்தபடி நின்றேன்.

“மிச்ச ஆறு நிமிஷம் எங்க போனீக?”

வேறு அவசர வேலை என்று சொல்லியிருக்கலாம். அன்று ரத்தம் கொடுத்து மயக்கமாக இருந்தது என்று சொல்லியிருக்கலாம், அதில் பாதி உண்மைகூட இருக்கிறது.

“கேன்டீனுக்கு. வடை தீந்துரும்னு.”

அவள் பஞ்சை எடுத்துப் பார்த்தாள், ரத்தம் நின்றிருந்தது. மறுபடி வைத்து அழுத்தினாள்.

“சூடா இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“எங்க அத்தைகிட்ட உங்க ரிப்போர்ட்டத்தான் காட்டினேன்” என்றாள். அவ்வளவுதான். வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். “இனி எங்க வீட்டு ரத்தத்த நீங்க ஓட்டுறப்ப நான் பக்கத்துல நிக்கணும். டாக்டரம்மாட்டச் சொல்லிருங்க.”

ஏப்ரல் 7, வெள்ளி

பெரிய வெள்ளி. ஃபாதரிடம் போய், சொல்லாமல் விட்டதைச் சொன்னேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. கடவுள் மன்னித்துவிட்டார் என்றார். இருக்கலாம்.

ஜெசிந்தாவுக்கு இந்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து நானே வாசித்துக் காட்டினேன். அவள் எழுந்து போய்க் குளியலறைக் குழாயை இறுக்கி மூடிவிட்டு வந்து, மறுபடி எதிரே உட்கார்ந்தாள். “மிச்சத்தையும் வாசிங்க” என்றாள்.

ஏப்ரல் 12, புதன்

ஈஸ்டர் முடிந்துவிட்டது, எழுத வேண்டிய கட்டாயமில்லை. இதை எழுதாமல் நோட்டை மூட முடியாது.

காளீஸ்வரியின் கணவர் குருசாமியின் ரத்தம் மகனோடு பாதி பொருந்துகிறது. அது போதும் என்றார் டாக்டர். ஆனால் அத்தை மகன் அல்லவா, அவரிடமும் குறை இருக்கலாம், அவர் செல்கள் ஒழுங்காக விழிக்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். மூன்றரைக்கு மெஷினைக் கழுவித் தயார் செய்தேன். பக்கத்தில் ஓட்ட என் ரத்தம். காளீஸ்வரி கால் உறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். இன்னொரு நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. குருசாமி கண்ணாடிக்கு வெளியே நின்றார்.

முதலில் என்னுடையது. எட்டு நிமிடமும் அவள் அசையவில்லை.

பிறகு அவள் கணவருடையது. தூண்டுமருந்தை விட்டேன். கோடு ஏறியது. அவள் திரையைப் பார்க்கவில்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி நான்கு. கேன்டீனில் முதல் ஈடு இறங்கியிருக்கும், வராந்தாவில் ஆட்கள் போகும் சத்தம் கேட்டது. எனக்குக் கழுத்தெல்லாம் வேர்த்தது.

இரண்டு நிமிடம் ஆனது.

“இந்த எடத்துலதான் எந்திரிச்சீகளா?”

“ஆமாம்மா.”

அவள் அந்த நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு, உட்கார்ந்தாள்.

“சரி. பாருங்க” என்றாள்.

பார்த்தேன்.